பேஸ் கிட்டாருக்கு மாற்று பிரிட்ஜ்: அளவெடுப்பதிலிருந்து மாட்டி முடிப்பது வரை முழு வழிகாட்டி

பேஸ் கிட்டாரில் எதையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் சீக்கிரமே கை வைப்பது பிரிட்ஜில்தான். கழற்ற ஐந்து ஸ்க்ரூ, மாட்ட ஐந்து ஸ்க்ரூ, பெரும்பாலும் சாலிடரிங் கூடத் தேவைப்படாது, பார்க்கவும் கனமாகப் பளபளப்பாக இருக்கும். ஆனால் நிறைய பேர் இதைத் தலைகீழான வரிசையில் செய்கிறார்கள். "சஸ்டெயின் (சுரம் நீடித்து ஒலிப்பது) கூடும், பேஸ் இன்னும் கணீரென்று கேட்கும்" என்று எங்கேயோ படித்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள், பெட்டியைப் பிரித்த பிறகுதான் ஓட்டை சேரவில்லை, தந்தி போதுமான அளவு கீழே இறங்கவில்லை, சேடில் (தந்தி உட்காரும் சின்ன உலோகத் துண்டு) பின்னால் போக இடமில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பிரிட்ஜ் முதலில் ஒரு இயந்திர உறுப்பு. தந்தியைச் சரியான இடத்தில், சரியான உயரத்தில், அசையாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதனால் அளவு முதலில், ஒலி கடைசியில். நானும் இங்கே அந்த வரிசையில்தான் போகப் போகிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

இதைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். பிரிட்ஜ் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லப்படும் பல பேஸ்களில் உண்மையில் கெட்டிருப்பது ஒரு சின்ன ஸ்க்ரூதான்.

சேடிலின் உயரத்தைச் சரிசெய்யும் சின்ன ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால், ஒரு துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஆலன் கீ உள்ளே வழுக்கிச் சுற்றுகிறதென்றால் அந்த ஸ்க்ரூவை மட்டும் மாற்றலாம். ஆனால் கவனம், சில பிரிட்ஜ்கள் மில்லிமீட்டர் அளவிலும் சில அங்குல அளவிலும் வருகின்றன. அமெரிக்கத் தயாரிப்பில் அங்குலக் கீ, ஆசியத் தயாரிப்பில் பெரும்பாலும் 1.5 மி.மீ. கீ. ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டுத் திருப்புவதால்தான் பாதி ஸ்க்ரூக்களின் தலை தேய்கிறது.

வாசிக்கும்போது கிர்ரென்று அதிர்கிறதா? பின்பக்கத்து ஸ்பிரிங்கை விரலால் அழுத்திக்கொண்டு அதே சுரத்தை வாசித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த ஸ்பிரிங்தான் காரணம். மேலே ஒரு சின்ன ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டால் தீர்ந்தது. உயர ஸ்க்ரூ தானாகத் தளர்ந்து சேடில் இறங்கிக்கொண்டே போகிறதென்றால், மரையில் மெல்லிய திரெட் லாக்கர் ஒரு பொட்டு போதும். அதிலும் நீல நிறத்தில் வரும், பிறகு கழற்றக்கூடிய வகையை மட்டும் பயன்படுத்துங்கள்.

சரி, அப்படியானால் உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலைமைகள் எவை? பிரிட்ஜின் தகடு வளைந்து பின்பக்கம் தூக்கிக்கொண்டிருப்பது, மரை முழுதும் தேய்ந்துபோனது, அழுத்தி வாசிக்கும்போது சேடில்கள் பக்கவாட்டில் நகர்ந்து தந்திகளின் இடைவெளி மாறிக்கொண்டே இருப்பது, சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுரம் சரியாக ஒலிப்பது) சேராமல் இருப்பது. உயர ஸ்க்ரூவின் நுனிகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்துவதையும் சேர்த்துக்கொள்ளலாம். பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிப்பது) அதிகம் வாசிக்கிறவர்களுக்கு இது நிஜமான தொல்லை. இவற்றில் ஒன்றாவது இருந்தால் மேலே படியுங்கள். ஒலிக்காக மட்டும் மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் புதுத் தந்தி போட்டு, நெக்கையும் ஆக்‌ஷனையும் (ஃபிரெட்டிலிருந்து தந்தி நிற்கும் உயரம்) ஒழுங்காகச் செட் செய்து வாசித்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு ஆசை அடங்கிவிடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

மிகப் பரவலானது ஃபெண்டர் வகை. எல் வடிவில் மடித்த ஒரு தகடு, அதில் தந்திக்கு ஒரு சேடில், பின்பக்கச் சுவரில் இன்டொனேஷன் ஸ்க்ரூ. 1951இல் வந்த முதல் பிரிசிஷன் பேஸில் சேடில்கள் இரண்டே இரண்டுதான், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு தந்திகள். அதனால் ஒரு தந்தியின் இன்டொனேஷனைச் சரிசெய்தால் பக்கத்துத் தந்தி விலகும். 1957இல்தான் நான்கு சேடில் வந்தது. இப்போதும் 51 பாணியில் வரும் பேஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கும். அவர்களுக்கு மட்டும் பிரிட்ஜ் மாற்றுவது ஒரே நாளில் பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

கிப்சனின் தண்டர்பேர்ட், எஸ்ஜி பேஸ் போன்றவற்றில் இருப்பது மூன்று புள்ளி பிரிட்ஜ். பாடியில் பதித்த மூன்று தடித்த ஸ்டட்களின் மேல் முழு பிரிட்ஜும் உட்கார்ந்திருக்கும். தனித்தனி சேடில் உயரம் கிடையாது, மொத்த பிரிட்ஜையும்தான் ஏற்றி இறக்க வேண்டும். இதற்கு ஃபெண்டர் வகை பிரிட்ஜ் எதுவும் நேராக வராது. ஹிப்ஷாட்டின் சூப்பர்டோன் போல அதே ஸ்டட் இடங்களில் உட்காரும்படி செய்ததைத்தான் தேட வேண்டும், அதில் ஒவ்வொரு தந்திக்கும் தனி உயரம் வைக்க முடியும் என்பது கூடுதல் லாபம்.

ரிக்கன்பேக்கர் 4003இல் டெயில்பீஸும் (தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் உறுப்பு) பிரிட்ஜும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். பழையவற்றில் தந்தி இழுப்பால் டெயில்பீஸின் பின்பக்கம் மெல்ல மெல்லத் தூக்கிக்கொள்ளும். வார்விக்கில் பிரிட்ஜும் டெயில்பீஸும் இரண்டு தனித்தனித் துண்டுகள். ஹாஃப்னரின் வயலின் வடிவ பேஸில் பிரிட்ஜ் ஒரு மரத்துண்டு, பாடியோடு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. இபானெஸ் சிலவற்றில் தந்திக்கு ஒன்றாகத் தனித்தனி மோனோ ரெயில்கள். இந்த வகைகளில் எது உங்களுடையதோ, அதற்கென்றே செய்த மாற்றை மட்டும் தேடுங்கள். வேறு வகைக்குத் தாவினால் பாடியில் புது ஓட்டை போடுவதும் பழைய குழியை அடைப்பதும் கட்டாயம்.

பேஸ் பழசோ புதுசோ, மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். ஒரே மாடல் பெயரில், வேறு வேறு தொழிற்சாலையில், வேறு வேறு வருடத்தில் வந்த பேஸ்களில் ஓட்டை அமைப்பு மாறியிருக்கலாம்.

அளவெடுத்தல்

ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு நீளமான இரும்பு ஸ்கேல், பேப்பர், பென்சில். இவ்வளவு போதும்.

முதல் அளவு ஓட்டைகள். ஆனால் கீழே வரும் தந்தி இடைவெளி, உயரம், சேடில் தூரம் ஆகிய அளவுகளைத் தந்தி மாட்டியிருக்கும்போதே எடுத்துவிட்டு இதற்கு வாருங்கள். தந்திகளைத் தளர்த்திக் கழற்றி, பிரிட்ஜைத் தூக்குங்கள். அடியில் ஒரு மெல்லிய வயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அது எர்த் வயர், இழுத்துவிடாதீர்கள். பிரிட்ஜின் தகட்டைப் பேப்பரில் வைத்து வெளிக்கோட்டையும் எல்லா ஓட்டைகளையும் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஓட்டையின் நடுப்புள்ளிக்கும் அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் காலிப்பரில் எடுத்து அந்தப் படத்திலேயே குறியுங்கள். ஓட்டை வரிசையிலிருந்து தகட்டின் முன் விளிம்பு எவ்வளவு, பின் விளிம்பு எவ்வளவு என்பதும் வேண்டும். பழைய பிரிட்ஜ் மறைத்திருந்த இடம் பெயின்ட் நிறம் மாறாமல் பளிச்சென்று இருக்கும். புதியது சிறியதாக இருந்தால் அந்தத் தடம் வெளியே தெரியும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

இரண்டாவது, தந்தி இடைவெளி. சேடிலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்த தந்தியின் நடு வரை. நான்கு தந்தி ஃபெண்டர் வகையில் இது சுமார் 19 மி.மீ., ஆக ஈ தந்தியிலிருந்து ஜி தந்தி வரை 57 மி.மீ. ஐந்து தந்தி பேஸில்தான் குழப்பம் அதிகம்: 19, 18, 17.5, 16.5 என்று பலவிதமாக வரும். 19இல் வெளித் தந்திகளின் தூரம் 76 மி.மீ., 16.5இல் 66 மி.மீ. பத்து மி.மீ. வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இடைவெளி மாறினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய பிரிட்ஜில் வெளித் தந்திகளின் தூரம் 3 மி.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. வெளியே போகிறது. 20ஆவது ஃபிரெட், நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் பக்கம் தந்தி உட்காரும் பட்டை) ஸ்கேல் நீளத்தின், அதாவது நட்டிலிருந்து சேடில் வரையுள்ள தந்தி நீளத்தின், சுமார் 68 சதவீத தூரத்தில் இருப்பதால், அங்கே தந்தி ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே தள்ளப்படும். ஃபிரெட்போர்டு விளிம்பில் உங்களுக்கு 4 மி.மீ. மிச்சமிருந்தால் பரவாயில்லை. 2 மி.மீ.தான் இருக்கிறதென்றால் ஜி தந்தி வாசிக்க வாசிக்க விளிம்பிலிருந்து வழுக்கி விழும். பிக்கப்பும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். ஜாஸ் வகைப் பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு போல்பீஸ் (காந்த முனை) இருக்கும், தந்தி அவற்றுக்கு நடுவே போக வேண்டும். இடைவெளி பெரிதாக மாறினால் வெளித் தந்திகள் நடுவிலிருந்து விலகி, ஒன்று உரக்கவும் ஒன்று மெல்லவும் கேட்கும். நீள வாக்கில் பிளேடு காந்தம் வைத்த பிக்கப்புக்கு இந்தக் கவலை கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உயரம்

தடித்த பிரிட்ஜ் வாங்கி ஏமாறுகிறவர்களில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பழைய ஃபெண்டர் வகைத் தகடு ரொம்ப மெல்லியது. ஹை மாஸ் என்று விற்கப்படுகிற கனமான பிரிட்ஜ்களில் அடித்தகடே தடிமன், அதன் மேல் சேடிலும் பெரியது. சேடிலை அடிவரை இறக்கினாலும் தந்தி பழைய உயரத்துக்கு வராமல் போகலாம்.

அதனால் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, இப்போது உங்களுக்குப் பிடித்த ஆக்‌ஷனில் இருக்கும்போது, ஒவ்வொரு சேடிலின் மேலும் தந்தியின் அடிப்பக்கம் பாடியின் மரத்திலிருந்து எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இதைத் தந்தியைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இரண்டு, இப்போதைய சேடில் இன்னும் எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஏறும். புதிய பிரிட்ஜின் படத்தில் அல்லது விவரக்குறிப்பில் தந்தி உயரத்தின் குறைந்த அளவும் அதிக அளவும் போட்டிருப்பார்கள். உங்கள் அளவு அந்த இரண்டுக்கும் நடுவில், குறைந்த அளவிலிருந்து ஒரு மி.மீ.யாவது மேலே விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் வாங்காதீர்கள், ஏனென்றால் பருவம் மாறி நெக் கொஞ்சம் அசைந்தால் சரிசெய்ய இடமே இருக்காது.

அளவு போதவில்லை, ஆனாலும் அந்த பிரிட்ஜ்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நெக் பாடியில் உட்காரும் குழியில், பிக்கப் பக்கத்து முனையில் மெல்லிய ஷிம் (முட்டுக்கொடுக்கும் தகடு) ஒன்றை வைத்தால் ஹெட்ஸ்டாக் சற்றுப் பின்னால் சாயும், தந்திகள் ஃபிரெட்டுக்கு நெருங்கும், அப்போது சேடிலை ஏற்ற வேண்டி வரும். அதாவது உயரமான பிரிட்ஜுக்கு இடம் கிடைக்கும். நேர்மாறாகப் புதிய பிரிட்ஜ் ரொம்பத் தாழ்வாக இருந்தால் ஷிம்மைக் குழியின் மறுமுனையில், ஹெட்ஸ்டாக் பக்கம் வைக்க வேண்டும். போல்ட் போட்டு மாட்டிய நெக்கில்தான் இது நடக்கும். ஒட்டிய நெக்கில் முடியாது, அங்கே உயர அளவு தவறினால் அந்த பிரிட்ஜை மறந்துவிட வேண்டியதுதான்.

சேடில்களை ஃபிரெட்போர்டின் வளைவுக்கு ஏற்ப வைக்க முடிகிறதா என்பதும் இதே கணக்கில் வரும். 7.25 அங்குல வளைவு உள்ள பழைய பாணி நெக்கில் நடுத் தந்திகள் வெளித் தந்திகளைவிட நன்றாகவே மேலே நிற்க வேண்டும், 12 அங்குல வளைவில் கொஞ்சம் போதும். தனித்தனி உயர ஸ்க்ரூ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் பிரிட்ஜின் வளைவும் நெக்கின் வளைவும் ஒத்துப்போக வேண்டும்.

சேடில் நகரும் தூரம்

34 அங்குல ஸ்கேல் என்றால் 863.6 மி.மீ. நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை 431.8 மி.மீ., அங்கிருந்து சேடில் வரை அதே 431.8 மி.மீ., கூடவே கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் விஷயம். தந்தியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுரம் சற்று ஏறுகிறது, அதைச் சரிக்கட்ட சேடிலைப் பின்னால் தள்ளுகிறோம். ஜி தந்திக்கு ஓரிரு மி.மீ. போதும், ஈ தந்திக்கு ஐந்தாறு மி.மீ. வரை போகலாம், பி தந்தி இருந்தால் இன்னும் பின்னால்.

புதிய பிரிட்ஜின் ஓட்டைகள் பழைய ஓட்டைகளோடு கச்சிதமாகச் சேர்ந்தாலும் அதன் சேடில்கள் நகரும் எல்லை வேறு இடத்தில் இருக்கலாம். அதனால் இப்போது ஈ சேடிலும் ஜி சேடிலும் ஸ்க்ரூ ஓட்டை வரிசையிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி நிற்கின்றன என்று அளந்து, புதியதன் வரைபடத்தில் அதே தூரங்கள் எல்லைக்குள் வருகின்றனவா பாருங்கள். 30 அங்குல ஷார்ட் ஸ்கேலில் இதில் கூடுதல் கவனம் வேண்டும், குட்டையான, தளர்வான தந்தியில் அழுத்தும்போது சுரம் ஏறுவது அதிகம் என்பதால் ஈ சேடில் நிறையவே பின்னால் போகும்.

தந்தி எங்கிருந்து மாட்டப்படுகிறது

பிரிட்ஜின் பின்சுவர் வழியாகத் தந்தியைக் கோர்ப்பது ஒரு முறை, பாடியின் முதுகிலிருந்து துளை வழியாக மேலே கொண்டுவருவது இன்னொன்று. 1957 வரை வந்த பிரிசிஷனும் 1976இல் வந்த முதல் மியூசிக் மேன் ஸ்டிங்ரேயும் இரண்டாவது முறைதான். உங்கள் பாடியில் முதுகுத் துளை ஏற்கெனவே இருந்தால் அதே இடைவெளியில் துளை உள்ள பிரிட்ஜையோ, இரண்டு முறைக்கும் இடம் தரும் பிரிட்ஜையோ எடுங்கள். இல்லாத பாடியில் புதிதாகத் துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதை ஒழுங்காகச் செய்ய டிரில் பிரஸ் வேண்டும், கை டிரில்லில் போட்டால் முதுகுப் பக்கம் துளைகள் கோணலாகத்தான் வெளியே வரும், அந்த வேலைக்கு ஈடான பலனும் இல்லை. ஃபிளாட்வவுண்ட் தந்தி போடுகிறவர்கள் எப்படியும் மேலிருந்து மாட்டுவதே நல்லது, சட்டென்ற வளைவு அந்தத் தந்திகளுக்கு ஆகாது.

தந்தியின் அடிமுனையில் சுற்றியிருக்கும் பட்டு நூலையும் கவனியுங்கள். பின்சுவருக்கும் சேடிலுக்கும் இடையே தூரம் குறைந்த பிரிட்ஜில் அந்த நூல் சேடிலின் மேலேயே வந்து உட்காரும், ஒலி மங்கும்.

இப்போது உலோகமும் ஒலியும்

எடையில் தொடங்கலாம், அது சந்தேகமில்லாத விஷயம். ஒரு கன சென்டிமீட்டருக்குப் பித்தளை சுமார் 8.5 கிராம், இரும்பு 7.8, துத்தநாகக் கலவை 6.7, அலுமினியம் 2.7. மலிவான கனமான பிரிட்ஜ்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தவை. பித்தளைச் சேடில் நன்றாகக் கடையலாம், மரையும் நீடித்து நிற்கும். அலுமினியம், தோளில் தொங்கும் பேஸின் எடையைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு. ஹெட்ஸ்டாக் கீழே சாயும் பேஸாக இருந்தால் கனமான பிரிட்ஜ் எதிர்ப்பக்கம் கொஞ்சம் எடை சேர்த்துச் சமன்படுத்தும், அந்தப் பேஸில் அலுமினியம் போட்டால் சாய்வு இன்னும் மோசமாகும்.

ஒலி? கனமான, இறுக்கமான பிரிட்ஜில் தந்தியின் அதிர்வு பாடிக்குள் கரைவது குறையலாம், சுரத்தின் தொடக்கம் சற்றுக் கூர்மையாக, சற்றுச் சீராகக் கேட்கலாம். ஆனால் வித்தியாசம் சின்னது. தந்தி மாற்றினாலோ, பிக்கப் உயரத்தை இரண்டு மி.மீ. மாற்றினாலோ, வலது கையை பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி வாசித்தாலோ வரும் மாற்றம் இதைவிடப் பெரியது. மெல்லிய மடிப்புத் தகட்டில் பதிவான எத்தனையோ அருமையான பேஸ் ஒலிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் காதில் இருக்கின்றன, அதனால் அந்தத் தகட்டைத் தரக்குறைவு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கனமான பிரிட்ஜின் உண்மையான லாபம் வேறு: இருபக்கமும் உயர்ந்த சுவர்களும் சேடிலுக்குத் தடமும் இருப்பதால் சேடில்கள் பக்கவாட்டில் நகராது, பின்சுவர் வளையாது. சாதாரண 45–105 செட்டில் நான்கு தந்தியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுக்கின்றன, அந்த இழுப்பில் அசையாமல் நிற்பதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

எதை வாங்கலாம்

ஃபெண்டர் ஐந்து ஓட்டை அமைப்புக்கு, பாடியைத் தொடாமல் மாற்ற வேண்டும் என்றால் என் முதல் பரிந்துரை கோட்டோ 201. ஓட்டை சேரும், பித்தளைச் சேடில், தகட்டிலேயே தடம், தேவையில்லாத அலங்காரம் எதுவும் இல்லை. ஹிப்ஷாட்டின் கிக்ஆஸ் அதே இடத்தில் உட்காரும், கூடவே தந்தி இடைவெளியைப் பக்கவாட்டில் சரிசெய்ய முடியும். நெக்கின் மேல் தந்திகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் பேஸுக்கு இது பெரிய உதவி.

லியோ குவானின் பேட்ஆஸ் 2 பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள், கெடி லீ, மார்கஸ் மில்லர் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட ஜாஸ் பேஸ்களில் அது வந்தது. பழையது இரண்டாம் கையாகக் கிடைத்தால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: அதன் சேடில்கள் தந்திப் பள்ளம் இல்லாமல் வந்தன, வாங்கியவர்தான் அரம் வைத்துப் பள்ளம் எடுக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அவருடைய தந்தி இடைவெளிக்கும் தடிமனுக்கும் எடுத்திருப்பார், அது உங்களுக்குச் சேராமல் போகலாம்.

இடைவெளியை விருப்பம்போல மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஷாலரின் 3டி வகை, அதில் உருளைச் சேடில்கள் பக்கவாட்டில் நகரும். ஆனால் ஃபெண்டர் ஓட்டைகளோடு சேராது, புது ஓட்டை போட மனசு வேண்டும்.

பழைய பாணிப் பேஸில் அதே மெல்லிய தகடு வகையைப் புதிதாக வாங்கிப் போடுவதிலும் எந்தத் தவறும் இல்லை. எடை குறைவு, உயரக் கணக்கு மாறாது, குரோம் மூடி இருந்தால் அதுவும் மேலே உட்காரும். கனமான பிரிட்ஜ்களின் மேல் அந்த மூடி பெரும்பாலும் உட்காராது.

முலாம் விஷயத்தில் ஒன்று மட்டும். தங்க முலாம் அழகு, ஆனால் கை படும் இடத்தில் சீக்கிரம் தேயும். வியர்வை அதிகம் வரும் கைக்கு குரோம் நல்லது.

மாட்டுவது

நெக்கின் ரிலீஃபும் (தந்தி இழுப்பில் நெக்கில் விழும் லேசான வளைவு) ஆக்‌ஷனும் முன்பு என்னவாக இருந்தன என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஓட்டை சேர்ந்தால் வேலை எளிது: புதிய பிரிட்ஜை எர்த் வயரின் மேல் வைத்து, ஸ்க்ரூக்களை முதலில் எல்லாவற்றையும் பாதி வரை, பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். பழைய ஸ்க்ரூ இறுகாமல் சுற்றினால் அந்த ஓட்டையில் மெல்லிய மரக்குச்சிகளை மரப்பசையோடு திணித்து, ஒரு நாள் காயவிட்டு, மீண்டும் சின்ன ஓட்டை போட்டு முடுக்கலாம்.

சேராவிட்டால் பழைய ஓட்டைகளைக் கடின மர ஆணியும் பசையும் வைத்து முழுதாக அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். புதிய ஓட்டை பழையதன் விளிம்பில் பாதி விழுந்தால் டிரில் பிட் பழைய குழிக்குள் வழுக்கும், அதனால்தான் அடைப்பது அவசியம். பிரிட்ஜை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு கணக்கு. நீள வாக்கில்: ஜி சேடிலை முன் எல்லையிலிருந்து சில மி.மீ. மட்டும் பின்னால் வைத்து, அந்தச் சேடிலின் உச்சி நட்டிலிருந்து சரியாக ஸ்கேல் நீளத்தில் வரும்படி தகட்டை வையுங்கள், அப்போது ஈ பின்னால் போக முழு இடமும் கிடைக்கும். அகல வாக்கில்: ஈ, ஜி இரண்டு தந்திகளையும் மட்டும் மாட்டி லேசாக இழுத்து, கடைசி ஃபிரெட்டில் இருபக்க விளிம்பிலிருந்தும் ஒரே தூரம் இருக்கும்வரை தகட்டை நகர்த்துங்கள். டேப்பால் ஒட்டி நிறுத்தி, ஓட்டையின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குத்து. அப்புறம் மட்டுமே டிரில். பிட் ஸ்க்ரூவின் மரைக்கு உள்ளே இருக்கும் தண்டின் தடிமன் அளவு இருக்க வேண்டும், எவ்வளவு ஆழம் என்று பிட்டிலேயே டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு தடவினால் கடின மரத்திலும் தலை உடையாமல் இறங்கும்.

எர்த் வயர் பற்றி மறக்கக் கூடாது. பேசிவ் பிக்கப் உள்ள பேஸில் அது தகட்டின் உலோகத்தை நன்றாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தந்தியைத் தொடும்போது இரைச்சல் குறையாது. கருப்புப் பூச்சு பூசிய பிரிட்ஜ்களில் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாமல் போகலாம், அடிப்பக்கத்தில் வயர் படும் இடத்தில் மட்டும் சுரண்டி உலோகத்தை வெளிக்கொண்டு வாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் தந்திக்கும் ஜாக்கின் எர்த் முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் என்றால் அவர்களே பிரிட்ஜுக்கு எர்த் இணைக்க வேண்டாம் என்கிறார்கள், அங்கே வயர் இல்லையென்று தேடாதீர்கள்.

செட் செய்வது

எல்லாத் தந்தியையும் மாட்டி முழுச் சுருதிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் அளக்க வேண்டும். முதலில் நெக் ரிலீஃப், அடுத்து ஆக்‌ஷன், கடைசியில் இன்டொனேஷன். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்வீர்கள். ஆக்‌ஷனுக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டுமென்றால், 9.5 முதல் 12 அங்குலம் வரை வளைவு உள்ள நெக்குக்கு 17ஆவது ஃபிரெட்டில் ஈ தந்திக்கு 2.4 மி.மீ., ஜி தந்திக்கு 2 மி.மீ. வையுங்கள். பிறகு உங்கள் கைக்கு ஏற்ப இறக்கியோ ஏற்றியோ கொள்ளலாம்.

இன்டொனேஷனுக்கு, தந்தியை 12ஆவது ஃபிரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் மேலே போனால் சேடிலைப் பின்னால், நெக்கை விட்டு விலக்கி நகர்த்துங்கள். கீழே போனால் முன்னால். ஒவ்வொரு முறையும் தந்தியைச் சற்றுத் தளர்த்திவிட்டு நகர்த்தினால் ஸ்க்ரூவின் மரை தேயாது, நகர்த்திய பின் மீண்டும் சுருதி சேர்த்துப் பாருங்கள். புதிய தந்தியில் செய்யுங்கள், தேய்ந்த பழைய தந்தியில் எவ்வளவு முயன்றாலும் இன்டொனேஷன் நிற்காது. ஒரு சேடில் பின் எல்லைக்கு வந்தும் இன்னும் போக வேண்டியிருந்தால், அந்த ஸ்பிரிங்கில் பாதியை வெட்டினால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பிக்கப் உயரத்தையும் திரும்பப் பாருங்கள், தந்தி உயரம் கொஞ்சம் மாறியிருந்தாலும் சத்தத்தின் சமநிலை மாறியிருக்கும். சேடிலைப் பக்கவாட்டில் பூட்டும் ஸ்க்ரூ உள்ள பிரிட்ஜ் என்றால் எல்லாம் முடிந்த பிறகு அதைப் பூட்டுங்கள், முன்னால் பூட்டினால் உயர ஸ்க்ரூக்கள் இறுகிக்கொண்டு திரும்பாது. ஒரு வாரம் வாசித்த பிறகு பிரிட்ஜின் ஸ்க்ரூக்களை மறுபடி கையால் சோதித்து, இன்டொனேஷனையும் இன்னொரு முறை பாருங்கள், தந்தி புதிதாகப் படிந்த இடத்தில் சற்று மாறியிருக்கும்.

பழைய பிரிட்ஜை அதன் ஸ்க்ரூக்களோடு, நீங்கள் வரைந்த அளவுப் பேப்பரையும் சேர்த்து ஒரு பையில் போட்டு வையுங்கள். பேஸை விற்கும்போது அசல் உறுப்பு கையில் இருந்தால் வாங்குகிறவர் அதற்கு மதிப்புக் கொடுப்பார், புதியது பிடிக்காமல் போனாலும் அரை மணி நேரத்தில் திரும்பப் போய்விடலாம்.